போட்டோவில் வாசனை வராது

அந்த கார் ட்ரக்கிலிருந்து இறங்கியபோது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எட்டு வயதான ஒரு ஜெர்மன் செடான். வாங்கிய நண்பர் அதுவரை அதை நேரில் பார்த்ததே இல்லை. நாற்பத்திரண்டு போட்டோ, மூன்று நிமிட வீடியோ ஒன்று, டீலரோடு பேசிய நாலைந்து போன் கால்கள். இவ்வளவையும் வைத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வண்டிக்கு முழுப் பணத்தையும் அனுப்பியிருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் கறுப்பு பெயின்ட்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தோம். போட்டோவைவிட நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தால், முன்பக்கம் இடது சக்கரத்தின் மேல்பாதி பாடிக்குள் மறைந்திருந்தது. ஒட்டகம் ஒரு முன்னங்காலை மட்டும் மடக்கி உட்காரப் பார்க்கிற மாதிரி கார் ஒரு மூலையில் சரிந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்ததும் அடியில் எங்கோ ஒரு கம்ப்ரசர் முனக ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் கார் மெல்ல எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல நேராக நின்றது.

ஏர் சஸ்பென்ஷனில் கசிவு. இந்த வகை கார்களில் இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கும். வயதானால் ரப்பரில் பொடி வெடிப்புகள் விழும்; ராத்திரி முழுக்கக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கம்ப்ரசர் அதை நிரப்பிவிடும். பாவம், கசிகிற பையை இப்படி நிரப்பி நிரப்பியே அதுவும் ஒரு நாள் உயிரை விடும், அது தனிச் செலவு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டீலர் அனுப்பிய நாற்பத்திரண்டு போட்டோக்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாமே வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்திய கொஞ்ச நேரத்துக்குள் எடுத்தவை. காலை ஆறு மணிக்கு அது எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

பார்க்காமல் கார் வாங்குவதில் ஆபத்து என்றால் உடனே மோசடிதான் நினைவுக்கு வரும். மோசடி உண்டு, அதற்கும் வருகிறேன். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது மோசடியில் இல்லை, வடிகட்டலில். எந்த வண்டி உங்கள் கண்ணுக்கு வருகிறது, அதில் எந்தப் பக்கம் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்பதையெல்லாம் விற்கிறவர் தீர்மானிக்கிறார். நேரில் போனால் அந்த வடிகட்டியில் நாமே நாலு ஓட்டை போட்டுவிடுவோம். சும்மா கதவைத் திறந்து மூடுவோம், டிக்கி மேட்டைத் தூக்குவோம், மூக்கைச் சுளிப்போம். தூரத்தில் இருந்தால் அதெல்லாம் கிடையாது. சாதாரண காருக்கே இது சிக்கல் என்றால், ஆடம்பர காருக்குச் சிக்கல் பல மடங்கு. ஏன் என்று பார்ப்போம்.

புதிதாக வந்தபோது பெரும் பணக்காரர்கள் மட்டுமே வாங்கிய கார், ஏழெட்டு வருடத்தில் கால்வாசி விலைக்கு வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு அடித்தது யோகம் என்று தோன்றும். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட்டின் விலை இறங்கவில்லை, கியர்பாக்ஸின் விலை இறங்கவில்லை, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலி இறங்கவே இல்லை. சொல்லப்போனால் உதிரி பாகங்கள் வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய சொகுசு காரை வாங்குகிறவர் கால்வாசி விலைக்கு வாங்கி, முழு விலை காருக்கான பராமரிப்பைக் கட்டுகிறார். அதனால்தான் இந்த கார்கள் பலவும் பெரிய சர்வீஸ் ஒன்று வரப்போகிற நேரத்தில், அல்லது வாரன்ட்டி முடிகிற மாதத்தில், சரியாகச் சந்தைக்கு வருகின்றன. முந்தைய உரிமையாளர் கணக்குப் போடத் தெரிந்தவர்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கென்று ஒரு சொந்த நோய் உண்டு. பத்து சிலிண்டர் இன்ஜினோடு 2005 வாக்கில் வந்த பி.எம்.டபிள்யூ எம்5-இல் கனெக்டிங் ராடு பேரிங்குகள், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க்கில் சுழலும் இடத்து உலோகப் பட்டைகள், சீக்கிரம் தேயும். விவரம் தெரிந்தவர்கள் சத்தம் வருவதற்கு முன்பே அவற்றை மாற்றிவிடுவார்கள். சத்தம் வந்த பிறகு என்றால் இன்ஜினே போகலாம். ஆடியின் 4.2 லிட்டர் வி8 இன்ஜின் வைத்த எஸ்4-இல் டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற சங்கிலி, இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. செயினின் கைடு தேய்ந்தால், பாகத்தின் விலை பெரிய விஷயமில்லை, அதை எட்டுவதற்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்ற ஒரு சின்னப் பொருள் உடைந்தால் இன்ஜினையே காவு வாங்கிவிடும். அமெரிக்காவில் அது கூட்டு வழக்காகவே போனது.

இவையெல்லாம் போட்டோவில் தெரியாது. வீடியோவிலும் தெரியாது. சில சமயம் ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "முழு சர்வீஸ் ஹிஸ்டரி உண்டு" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பல நேரம் அது சீல் குத்திய ஒரு புத்தகமாக மட்டும் இருக்கும். சீல் என்பது வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தது என்பதற்கு அத்தாட்சி. என்ன மாற்றினார்கள் என்பதற்கு அத்தாட்சி பில்.

இதில் கியர்பாக்ஸ் ஆயில் ஒரு நல்ல உதாரணம். பல கம்பெனிகள் தங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்கப் போதும் என்று சொல்லி விற்றன. அந்த கியர்பாக்ஸ்களில் பலவற்றைச் செய்து கொடுக்கிற இசட்.எஃப். கம்பெனியோ, சுமார் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஆக, கம்பெனி புத்தகப்படி ஒரு சர்வீஸும் விடாத கார், 1,40,000 கிலோமீட்டர் வரை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றாத காராகவும் இருக்கலாம். டீலர் சொன்னதும் உண்மை, உங்கள் தலைவலியும் உண்மை.

சரி, இப்படிப்பட்ட வண்டி உங்களிடம் எப்படி வந்து சேர்கிறது? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் உருப்படாத காருக்கு 'லெமன்', அதாவது எலுமிச்சை என்று பெயர். பழைய கார் நல்லதா எலுமிச்சையா என்பது விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் நடுத்தரமான விலைக்குத்தான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிக்கொள்வார். மிஞ்சுவது எலுமிச்சைகள். விலை இன்னும் இறங்கும், இன்னும் கொஞ்சம் நல்லவை ஒதுங்கும். இந்தக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001-இல் ஏக்கர்லாஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு சேர்த்து.

சொகுசு கார் சந்தையில் இந்த ஒதுங்கல் படிப்படியாக நடக்கும். உரிமையாளர் பழைய காரைக் கொடுத்துவிட்டு அதே கம்பெனி ஷோரூமில் புதிது எடுக்கிறார். நல்ல நிலையில், குறைந்த கிலோமீட்டரில் இருக்கும் கார்களை ஷோரூமே வைத்துக்கொள்ளும். பரிசோதித்து, கம்பெனி உத்தரவாதத்தோடு விற்கும். அதில் தேறாதவை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் தனி டீலர்கள் எடுப்பார்கள். அவர்களும் நல்லதை முதலில் பக்கத்திலேயே, தெரிந்தவர்களுக்கு விற்றுவிடுவார்கள். அப்படியும் போகாமல் இரண்டு மாதம் ஷெட்டில் நிற்கிற வண்டி, போட்டோ எடுக்கப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒருவர் கண்ணில் படுகிறது. அந்த ஊரில், நேரில் வந்து தொட்டுப் பார்க்க முடிந்த ஒருத்தர்கூட ஏன் இதை எடுக்கவில்லை?

நியாயமான பதிலும் இருக்கலாம். அபூர்வமான நிறம், மேனுவல் கியர், குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வந்த மாடல் என்றால் வாங்குகிறவர் எங்கோதான் இருப்பார். அதைத் தூரத்துக்கு விற்பதுதான் இயல்பு. ஆனால் எல்லா இடத்திலும் ஓடுகிற வெள்ளி நிற செடான், சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்துப் போட்டிருக்கிறது, இன்னும் விற்கவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீலர் எல்லாம் தெரிந்தே மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஏலத்தில் எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருக்கும். கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே ஷாம்பூ போட்டு, போட்டோ எடுத்திருப்பார். வண்டியை அவர் ஓட்டிய தூரம் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். "எனக்குத் தெரிந்து ஒரு குறையும் இல்லை" என்று அவர் சொல்வது சத்தியமாக உண்மையாக இருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவருக்கு ஒரு லாபம் இருக்கிறது, அவ்வளவுதான்.

போட்டோக்களுக்கு வருவோம். ஈரமான காரைப் படம் எடுத்தால் மெல்லிய கீறல் எதுவும் தெரியாது. சூரியன் மறைந்த பிறகு எடுத்தால் பெயின்ட் நிற வித்தியாசம் தெரியாது. சக்கரங்களைச் சற்றுத் திருப்பி வைத்து எடுத்தால் ரிம்மின் அழகு தெரியும், டயரின் தேய்மானம் நிழலுக்குள் போய்விடும். நாற்பது போட்டோவில் பதினைந்து ஸ்டீயரிங்கும் சீட் தையலுமாக இருக்கும்; டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம், அதாவது ஏறி இறங்கும்போது தினமும் உரசுகிற இடம், ஒன்றில்கூட இருக்காது. அந்த ஓரமும், பிரேக் பெடல் ரப்பரும், ஸ்டீயரிங்கில் கை படுகிற இடத்துப் பளபளப்பும் மீட்டரைவிட நேர்மையானவை.

டயரைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். 15,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படுகிற காரில், கார் செய்த வருடத்துக்கு மூன்று வருடம் கழித்துச் செய்த டயர் நான்கும் இருந்தால், முதல் செட் எங்கே போனது? நாலு சக்கரத்திலும் நாலு கம்பெனி டயர் என்றால் அது வேறு கதை: இந்த வண்டியை வைத்திருந்தவருக்குச் செலவு செய்ய மனமில்லை. டயருக்கே மனம் வராதவர் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு என்ன செய்திருப்பார்?

போட்டோவில் வராத ஒன்று வாசனை. வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், மூடிவைத்த காரின் கதவைத் திறந்த முதல் நொடியில் ஒரு பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். இல்லையென்றால் அதை அமுக்குவதற்காகப் போட்ட வாசனைத் திரவியம் அடிக்கும். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் நீரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, வெள்ளமே வராத மாநிலங்களில் விற்பனைக்கு வந்தன. ஒரு மாநிலத்தில் 'வெள்ளச் சேதம்' என்று ஆவணத்தில் முத்திரை விழுந்த வண்டியை, விதிகள் தளர்வான இன்னொரு மாநிலத்தில் மறுபதிவு செய்து அந்த முத்திரையைக் கழற்றிவிடுவார்கள். ஆவணத்தைச் சலவை செய்வது என்றே இதற்குப் பெயர். சொகுசு காரில் வெள்ளம் இன்னும் கொடுமை. சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்குக் கீழேயும்தான் பல மாடல்களில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் இருக்கின்றன. நனைந்த அன்றே அவை சாகாது. ஆறு மாதம் கழித்து, பச்சை பூத்து, ஒவ்வொன்றாகச் சாகும்.

டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு கிலோமீட்டரைத் திருத்த முடியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய சுழலும் எண் சக்கரத்தைத் திருப்புவதைவிட இது சுலபம். லேப்டாப்பும் கேபிளும் போதும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அந்த ஒரு நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 4,50,000-க்கும் அதிகமான வண்டிகள் பொய்யான மீட்டரோடு விற்கப்படுவதாக மதிப்பிடுகிறது. நல்ல விஷயம், பல சொகுசு கார்களில் கிலோமீட்டர் ஒரே இடத்தில் மட்டும் பதிவாவதில்லை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், லைட் கம்ப்யூட்டர், சில பி.எம்.டபிள்யூ கார்களில் சாவியிலேயேகூட ஒரு பதிவு இருக்கும். டாஷ்போர்டை மட்டும் திருத்தியவர் இவற்றை மறந்திருப்பார். கம்பெனி ஸ்கேனரை மாட்டி ஒவ்வொன்றாகப் படித்தால் மாட்டிக்கொள்வார். கெட்ட விஷயம், வண்டி ஓடும்போதே கணக்கு ஏறாமல் தடுக்கிற சின்னக் கருவிகளும் விற்கின்றன. அதை மாட்டி ஓட்டினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தடயம் இருக்காது. அப்போது சீட்டின் ஓரமும் பிரேக் பெடலும்தான் சாட்சி.

வண்டியின் 17 எழுத்து சேசிஸ் எண்ணை வைத்து வரலாற்று அறிக்கை எடுப்பது அவசியம்தான். எடுக்கும்போது ஒரு சின்னச் சோதனை: அந்த எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே கூடாது. வந்தால் தட்டச்சுப் பிழை, அல்லது வேறு ஏதோ. ஆனால் அந்த அறிக்கையை ஜாதகம் போலக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். யாராவது பதிவு செய்ததுதான் அதில் வரும். இன்சூரன்ஸுக்குப் போகாமல் சொந்தக் காசில் டிங்கரிங் செய்த விபத்து அதில் இருக்காது. விலை உயர்ந்த காரை வைத்திருப்பவருக்கு அப்படிச் செய்வதற்கு வசதியும் உண்டு, காரணமும் உண்டு.

டிங்கரிங்கைக் கண்டுபிடிக்கப் பழைய ஆட்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். பட்டி அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. 1994-இல் வந்த ஆடி ஏ8-இன் பாடி முழுக்க அலுமினியம். 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே., 2012-இல் வந்த ரேஞ்ச் ரோவர் ஆகியவையும் அப்படியே. இவற்றில் காந்தம் எங்குமே ஒட்டாது. அலுமினியத்திலும் வேலை செய்கிற பெயின்ட் தடிமன் மீட்டர் வேண்டும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருக்கும். திடீரென்று ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு, ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி. அலுமினியத்தை நிமிர்த்தவும் ஒட்டவும் தனிக் கருவி, தனிப் பயிற்சி வேண்டும். தெரியாத ஒர்க்‌ஷாப்பில் ஒப்பேற்றிய வேலை, மேலே பார்த்தால் பளிங்கு, உள்ளே அரிப்பு.

ஆக, நமக்குப் பதிலாக யாராவது ஒருவர் அங்கே போக வேண்டும். தூரத்தில் கார் வாங்குவதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இதுதான். போகிறவர் அந்தக் குறிப்பிட்ட பிராண்டில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். எல்லா காரையும் பார்க்கிற பொது ஆய்வாளர், முன்னால் சொன்ன பேரிங்கையும் செயினையும் கேட்கத் தெரியாமல், கண்ணாடியில் கீறல் இருக்கிறது, வைப்பர் தேய்ந்திருக்கிறது என்று நாற்பது வரி எழுதி அனுப்புவார். டீலரே ஆள் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பிடியுங்கள். வண்டியை லிப்டில் ஏற்ற வேண்டும், அடியில் மூடியிருக்கிற பிளாஸ்டிக் தட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் கசிவு அந்தத் தட்டின் மேல்தான் தேங்கியிருக்கும், தரையில் சொட்டாது. "இன்சூரன்ஸ் இல்லை, வண்டியை வெளியே அனுப்ப முடியாது" என்பார்கள். சில இடங்களில் அது நிஜமான காரணம். நிஜமோ இல்லையோ, லிப்டில் ஏறாத காரை நீங்கள் வாங்குகிறீர்களா என்பதே கேள்வி.

கார்பன் செராமிக் பிரேக் இருக்கிற வண்டி என்றால் டிஸ்க்கின் நிலையைத் தனியாகக் கேளுங்கள். இரும்பு டிஸ்க் மாதிரி இதன் தேய்மானத்தைத் தடிமனில் மட்டும் பார்க்க முடியாது. பல வகைகளில் குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கழற்றி எடை போட்டுப் பார்ப்பார்கள். நாலையும் மாற்ற வேண்டிவந்தால், கார் வாங்கிய பணத்தில் ஒரு நல்ல பங்கு அதற்கே போகும்.

ஸ்கேனர் போடும்போது பிழை எதுவும் இல்லை என்பதோடு திருப்தி அடையக் கூடாது. பிழைகளை அழித்துவிட்டால் ஸ்கேனரில் ஒன்றும் வராதுதான். ஆனால் அழித்ததும் இன்ஜின் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகளும் சேர்ந்து அழிந்துபோகும். அவை மறுபடி முடிய, பலவிதமாகச் சில நாள் ஓட்ட வேண்டும். பிழையும் இல்லை, சுயபரிசோதனையும் முடியவில்லை என்று காட்டினால் நேற்றோ இன்று காலையோ யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பேட்டரிதான் மாற்றினோம் என்று சொல்வார்கள். நான் இதுவரை கேட்ட பதில்களில் பாதி இதுதான்.

அப்புறம், குளிர்ந்த இன்ஜின். ஒரு ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும் அந்த இருபது நொடியில் தெரிவது, இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் தெரியாது. செயின் தளர்ந்திருந்தால் முதல் இரண்டு நொடி கடகடவென்று ஒரு சத்தம் வரும். ஆயில் அழுத்தம் ஏறியதும் நின்றுவிடும். வால்வு சீல் போயிருந்தால் சைலன்சரில் நீலப் புகை ஒரு கொத்து வரும், அப்புறம் வராது. கார் எந்த மூலையில் சரிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். சூடான இன்ஜின் இவை எல்லாவற்றையும் மறைத்துவிடும். நேரில் வருகிறவருக்காகவே வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்கிற டீலர்களுக்குக் குறைவில்லை. வீடியோ காலில் கேட்பதாக இருந்தால், முதலில் சாவியை ஆன் மட்டும் செய்து டாஷ்போர்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் வெப்பம் காட்டுகிற மாடல்களில் முள் அடிமட்டத்தில் கிடக்க வேண்டும். அப்புறம் கேமராவை சைலன்சரின் பின்னால் வைத்துவிட்டு, வேறு ஒருவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தயாராக எடுத்து வைத்த வீடியோ வேண்டாம், கால் கட் ஆகாமல் ஓடட்டும்.

இனி பணம். நேரில் வாங்கும்போது ஒரு கையில் சாவி வரும், மறு கையால் பணம் போகும். தூரத்தில் பணம் முதலில் போகிறது, கார் பத்து நாள் கழித்து வருகிறது. அந்தப் பத்து நாளில் உங்கள் பிடி முழுக்கத் தளர்ந்துவிடும். முழு மோசடிகள் இந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன. நிஜமான டீலரின் பெயரையும் போட்டோக்களையும் எடுத்துப் போலி இணையதளம் நடத்துவார்கள். அதைவிட நுட்பமானது, நிஜ டீலரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, கடைசி நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு வரி அனுப்புவது. டீலர் நிஜம், கார் நிஜம், கணக்கு எண் மட்டும் திருடனுடையது. பணம் அனுப்புவதற்கு முன், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தனியாகக் கண்டுபிடித்த எண்ணுக்கு போன் செய்து கணக்கு எண்ணை ஒருமுறை வாயால் சொல்லிச் சரிபார்த்தால் இது முடிந்தது. அதிகம் போனால் ஐந்து நிமிடம். முன்பணம் கொடுப்பதாக இருந்தால், ஆய்வில் குறை வந்தால் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள். "இன்னொருவர் பணத்தோடு நிற்கிறார்" என்றால் அவருக்கே கொடுத்துவிடட்டும்.

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னொரு பள்ளம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2013-இல் வந்த விதிகளின்படி, டீலரை நேரில் சந்திக்காமல் முழுக்கத் தொலைவிலிருந்தே ஒப்பந்தம் செய்தால் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். ஆனால் போய்ப் பார்த்து அங்கேயே கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை போய்விடும். அங்கே 2015 சட்டம் குறையுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பவும் வழி செய்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. மூன்று நாளுக்குள் எதையும் திருப்பலாம் என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். அந்தக் கூட்டரசு விதி வீடு தேடி வந்து விற்பவர்களுக்காக வந்தது, முழுக்க இணையத்திலோ போனிலோ முடிந்த விற்பனைக்குப் பொருந்தாது. பழைய காரின் கண்ணாடியில் டீலர் ஒட்ட வேண்டிய தாள் ஒன்று 1985 முதல் அங்கே கட்டாயம். 'இருக்கிறபடியே' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தால், வாங்கிய பிறகு வரும் ரிப்பேர் உங்கள் பாடு. தூரத்தில் இருப்பவர் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. அதனால் அந்தத் தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில், வழக்கு என்று வந்தால் டீலரின் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று ஒரு வரி இருக்கும். ஏர் சஸ்பென்ஷனுக்காக யார் ஆயிரம் கிலோமீட்டர் போய் வழக்கு நடத்துவார்கள்? டீலருக்கும் அது தெரியும். போனில் சொன்ன வாக்குறுதிகளோ இன்னும் பாவம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது. வாய்மொழி எதுவும் செல்லாது என்ற வரி மட்டும் இருக்கும்.

கடைசியாக ட்ரக். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வண்டியின் நிலையைக் குறித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தாழ்வான காரின் முன் பம்பர் அடிப்பக்கம் ஏற்றுப் பலகையில் உரசுவது சாதாரணமாக நடப்பது. இறக்குகிறவர் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருவார், அவசரத்தில் இருப்பார், பேனாவை நீட்டுவார். டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் 'சேதம் இல்லை' என்று போட்டுவிட்டு மறுநாள் காலை கீறலைப் பார்த்தால், டீலர் ட்ரக்காரரைக் காட்டுவார், ட்ரக்காரர் உங்கள் கையெழுத்தைக் காட்டுவார். என் நண்பர் பேனாவை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டவர்தான். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டியவன்தான்.

அவர் அந்தக் காரின் முன்பக்க ஏர் பை இரண்டையும் மாற்றினார், நான்கு மாதம் கழித்து கம்ப்ரசரையும். டீலருக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பினார். முதல் இரண்டுக்குப் பதில் வந்தது. போன வருடம் அந்தக் காரை விற்றுவிட்டு மறுபடி ஒன்று தேடினார், மறுபடியும் தூரத்தில்தான். அடர் பச்சை நிறம், உள்ளே பழுப்புத் தோல் சீட், அவர் பல வருடமாக ஆசைப்பட்ட மாடல். இந்த முறை ஒன்றே ஒன்று கேட்டார்: நாளைக் காலையில் முதல் ஸ்டார்ட்டை எனக்கு வீடியோ காலில் காட்டுங்கள், அதற்கு முன் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. டீலர் சரி என்றார். மறுநாள் அழைத்தபோது இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இடம் மாற்ற வேண்டியிருந்தது என்றார். அதற்கு மறுநாளும் அதே கதை, காரணம் மட்டும் வேறு. மூன்றாவது நாள் நண்பர் அழைக்கவில்லை. அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. இரண்டு முறை விலை குறைத்துவிட்டார்கள். நண்பர் எப்போதாவது அதை எடுத்து எனக்குக் காட்டுவார். போட்டோக்கள் அருமையாக இருக்கின்றன.